ஸ்மார்ட் கண்ணாடி செய்ய 60,000 ரூபா போதுமா?

கேள்வி: வீட்டு முன்னறையில் மாட்ட ஒரு ஸ்மார்ட் கண்ணாடி, அதாவது பின்னால் திரை வைத்து எழுத்துக் காட்டும் முகம் பார்க்கும் கண்ணாடி, செய்ய ஆசை. நேரம், வானிலை, பிள்ளைகளின் ரியூஷன் நேரம் தெரிந்தால் போதும். கையில் 60,000 ரூபா இருக்கிறது. அதை இயக்க ராஸ்பெரி பை 5 என்ற குட்டிக் கணினியை முதலில் வாங்கிவிடலாமா? கண்ணாடியைத் திருகோணமலையிலேயே வெட்டுவிக்கலாமா? (உவர்மலை வாசகி)

பதில்: 60,000 போதும். ஆனால் பையை முதலில் வாங்காதீர்கள், அதுவும் பை 5 வேண்டவே வேண்டாம். இந்த வேலையின் அழகு திரையிலும் கண்ணாடியிலும்தான் இருக்கிறது. நேரமும் வானிலையும் காட்ட பை 3பி பிளஸ் அல்லது 2 ஜிபி பை 4 தாராளம். பை 5க்கு 5 அம்பியர் அடாப்டர் வேண்டும், சூடும் அதிகம். விலை குறைவென்று ஸீரோ 2 டபிள்யூ என்ற சின்னப் பையின் பக்கமும் போகாதீர்கள். அதில் 512 எம்பி ராம்தான், இந்த வேலைக்குத் திணறும். வீட்டில் பழைய லாப்டொப் ஒன்று சும்மா கிடந்தால் அதில் லினக்ஸ் போட்டே ஓட்டலாம். பைக்கான காசு அப்படியே மிஞ்சும்.

முதலில் இது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் உள்லைட் எரியும்போது யன்னலில் உங்கள் முகம்தான் தெரியும். வெளியே ஒரு விளக்கு கடந்தால் அது மட்டும் கண்ணாடியை ஊடுருவித் தெரியும். இங்கேயும் அதேதான். கண்ணாடிக்குப் பின்னால் இருட்டாக இருக்க வேண்டும், எழுத்து மட்டும் ஒளிர வேண்டும். மலிவான திரைகளில் கறுப்பு முழுக் கறுப்பாக இராது, பின்விளக்கு கசியும். அப்போது கண்ணாடிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு நீள்சதுரம் தெரியும். அது ஒருமுறை கண்ணில் பட்டால் பிறகு அதைத்தான் பார்ப்பீர்கள்.

அதனால் திரைக்கு 15,000 வரை ஒதுக்குங்கள். பாவித்த 22 அங்குல எல்இடி மொனிட்டர் நல்லது. மொனிட்டர் பனலில் விஏ, ஐபிஎஸ், டிஎன் என்று வகைகள் உண்டு. விஏ பனல் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், கறுப்பு அதில்தான் ஆழமாக இருக்கும். இல்லாவிட்டால் ஐபிஎஸ். டிஎன் பனலை நெட்டாக நிமிர்த்தி வைத்தால் பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறும், விடுங்கள். இக்மன் விளம்பரத் தளத்தில் பார்த்தாலும் கொழும்பு யுனிட்டி பிளாசாவில் வாங்கினாலும், அறையை இருட்டாக்கி முழுக் கறுப்புப் படமொன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பட வயர் செருகும் எச்டிஎம்ஐ துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள். நேரே பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் சட்டம் தடித்துவிடும்.

கண்ணாடிக்கு 12,000. இரண்டு வழி உண்டு. முன்னால் முகம் காட்டி, பின்னாலிருந்து வரும் ஒளியை ஊடுருவ விடும் இருவழிக் கண்ணாடி அக்ரிலிக் தாளைக் கொழும்பில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவரலாம். பாரம் குறைவு, ஆனால் மெல்லிய தாள் வளையும், முகம் கோணலாகத் தெரியும், துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். மற்றது, ஊரிலேயே 5 மில்லிமீற்றர் சாதாரணக் கண்ணாடி வெட்டி, விளிம்பு தேய்த்து, யன்னலுக்கு ஒட்டும், முகம் தெரியும்படி பளபளக்கும் பிலிமைத் திரைப் பக்கமாக ஒட்டுவது. உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பிலிமை நீங்களே ஒட்டிப் பழக வேண்டாம், வாகனத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டுபவரிடம் கொடுங்கள். ஒரு குமிழி இருந்தாலும் முகத்துக்கு நேரே நிற்கும். 20 என்று குறித்த பிலிம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தையே விடும். ஆகவே திரையைப் பிரகாசமாக வைத்து, பெரிய வெள்ளை எழுத்தைப் பாவியுங்கள். கடற்பக்க யன்னலுக்கு நேரெதிரே மாட்டாதீர்கள். காலை வெயிலில் எழுத்து எதுவும் தெரியாது.

மொனிட்டர் கைக்கு வந்து, வெளிச்சட்டம் கழற்றி அளந்த பிறகே கண்ணாடி வெட்டுங்கள். கழற்றும்போது உள்ளே இருக்கும் மின்வழங்கிப் பலகையைத் தொடக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கப்பாசிற்றர்களில் மின் நிற்கும்.

மரச்சட்டம் செய்ய ஓடாவிக்கு 7,000. 60க்கு 40 சென்ரிமீற்றர் கண்ணாடி மட்டுமே 3 கிலோ வரும். மொனிட்டரும் மரமும் சேர்ந்தால் 8 கிலோவைத் தொடும், ஒற்றை ஆணி தாங்காது. சட்டத்தின் மேலும் கீழும் காற்றுத் துளை கேளுங்கள். நம் உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்குரூதான் வேண்டும். ஆள் வந்தால் மட்டும் திரை எரிய ஒரு பிஐஆர் சென்சர் வைக்கலாம். ஆனால் உடல் வெப்பத்தின் கதிர் கண்ணாடியைத் தாண்டாது, எனவே கீழ்ச் சட்டத்தில் அதற்கென ஒரு துளை தேவை. அதையும் ஓடாவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சென்சர் வீண்செலவு இல்லை. 20 வாற்று மொனிட்டரும் 5 வாற்று பையும் இரவு பகல் ஓடினால் மாதம் 18 யூனிட். திரை நாளுக்கு 4 மணித்தியாலம் மட்டும் எரிந்தால் மொத்தம் 6 யூனிட்தான். யூனிட் கூடக் கூடக் கட்டணப் படியும் ஏறுவதால் பில்லில் இது தெரியும்.

மிச்சம் பைக்கு 20,000. அடாப்டர், மெமரி கார்ட், வயர், சென்சருக்கு 6,000. இவை நீங்கள் தாண்டக்கூடாத வரம்புகள். டொலரோடு கடை விலை ஏறி இறங்கும்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம், இதற்கென்றே உள்ள மேஜிக்மிரர் இலவசம். வானிலைக்கு ஓப்பன்-மீற்றியோ என்ற இணையச் சேவையைத் தெரிவுசெய்து, அகலாங்கு 8.57, நெட்டாங்கு 81.23 என்று கொடுத்தால் திருகோணமலை வந்துவிடும். ரியூஷன் நேரத்தை கூகுள் கலண்டரில் போட்டு அந்தக் கலண்டரை வேறு மென்பொருள் படிக்க உதவும் ஐகால் இணைப்பைக் கொடுங்கள். தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள். எல்லாம் சரியாக ஓடியதும் மெமரி கார்டை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். திடீரென்று கரண்ட் போனால் கார்ட் பழுதாகலாம், பிரதி இருந்தால் வேறு கார்டில் ஏற்றி அன்றைக்கே ஓடவைக்கலாம்.