காளான் தின்றுதான் மனிதன் கதைக்கப் பழகினானா?

கேள்வியில் மூன்று விடயங்கள் கலந்திருக்கின்றன. மாயக்காட்சி தரும் காளான்களாலும் செடிகளாலும் மனித மூளை பெருத்ததா, மொழி அதனால் பிறந்ததா, மாரிக்கு யாழ்ப்பாணத்து மாட்டுச் சாணியில் முளைப்பதும் அதே காளானா? முதல் இரண்டுக்கும் என் பதில் 'இல்லை'. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்துக்காக அல்ல.

இந்தக் கதையைப் பரப்பியவர் டெரன்ஸ் மக்கென்னா என்ற அமெரிக்கர். 1992 இல் வந்த நூலில் விரிவாக எழுதினார். ஆபிரிக்காவில் காடு சுருங்கிப் புல்வெளி பரவியபோது மூதாதையர் மிருகக் கூட்டங்களின் பின்னால் போனார்கள், அவற்றின் சாணியில் முளைத்த சைலோசைபி கியூபென்சிஸ் காளானைத் தின்றார்கள் என்பது தொடக்கம். கொஞ்சம் தின்றால் பார்வை கூராகி வேட்டை வாய்த்தது, இன்னும் கொஞ்சம் தின்றால் காமம் கூடிப் பிள்ளைகள் பெருகின, நிறையத் தின்றால் வாய் தானாக ஒலிகளைக் கொட்டி அதிலிருந்து மொழி வந்தது. இவ்வளவும் அவர் கட்டியது.

மறுப்பவர்கள் உடனே எடுக்கும் ஆயுதம், 'மாட்டை மனிதன் வளர்க்கத் தொடங்கியே ஏறத்தாழ 10,000 ஆண்டுகள்தானே' என்பது. அது மொட்டை ஆயுதம். வீட்டு மாடு இல்லாவிட்டாலும் காட்டெருமையும் யானையும் சாணி போட்டன. சைலோசைபி பேரினமே சுமார் 6.7 கோடி ஆண்டுகள் பழையது என்று 2024 இல் வந்த மரபுத்தொகை ஆய்வு கணித்தது. காளான் கைக்கெட்டியதா என்பதில் சிக்கல் இல்லை. தின்ற பிறகு நடந்ததாகச் சொல்வதில்தான் சிக்கல்.

பார்வை கூராகும் என்பதற்கு மக்கென்னா காட்டிய சான்று ரோலண்ட் ஃபிஷர் என்ற ஆய்வாளரின் குழு செய்த பரிசோதனைகள். அவர்கள் அளந்தது கூர்மையை அல்ல. அந்தக் காளானில் மாயக்காட்சியைத் தரும் பொருளான சைலோசைபின் எடுத்தவருக்கு அருகில் உள்ள வெளி சுருங்கித் தெரிகிறது என்பதே 1970 கட்டுரையின் தலைப்பு. தூரம் மாறித் தெரிகிறவன் ஈட்டி எறிந்தால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். கூடவே கண்மணியும் விரியும், குமட்டலும் வரும். வேட்டைக்குப் போகிறவனுக்கு இவை உதவுகிற விடயங்களா?

அடுத்தது காலக்கணக்கு. நமக்கு முந்தைய மனித இனமான ஹோமோ எரக்டஸ் 19 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. அதன் மூளை ஏறக்குறைய 600 கன சென்ரிமீற்றரில் தொடங்கி 1,000 ஐத் தாண்டியது. மொரோக்கோவின் ஜெபெல் இர்ஹூத்தில் கிடைத்த நம் இனத்து எலும்புகளுக்கு வயது 3 இலட்சம் ஆண்டு. இன்று நமக்குச் சராசரி 1,350. குளிர் ஐரோப்பாவில், வெப்பநாட்டுச் சாணிக் காளான் எட்டாத இடத்தில் வாழ்ந்த நம் உறவினமான நியண்டர்தாலுக்கும் மூளை நம்முடையதற்குக் குறையவில்லை. கடைசி ஒரு இலட்சம் ஆண்டுகளைச் சுற்றி மக்கென்னா பின்னிய கதை, அதற்கு முன்பே முடிந்துவிட்ட வேலைக்கு உரிமை கோருகிறது.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை பரம்பரை. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள் இதை உடனே பிடிப்பார்கள். 2021 இல் எலிகளில் செய்த ஆய்வில், ஒரே ஒரு முறை கொடுத்த சைலோசைபின் முன்மூளை நரம்புக் கலங்களின் இணைப்பு முட்களை ஏறத்தாழ 10 சதவீதம் கூட்டியது; ஒரு மாதம் கழித்தும் அந்த மாற்றம் மிஞ்சியிருந்தது. காணொளிக்காரர்கள் இதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆனால் மாறியது தின்ற எலியின் மூளை. முட்டையிலும் விந்திலும் எதுவும் எழுதப்படவில்லை. கூர்ப்பு நடக்க வேண்டுமானால் ஒரு விகாரம், அதாவது பரம்பரை அலகில் ஒரு மாற்றம், இருக்க வேண்டும், அது உள்ளவர் மற்றவரைவிட அதிகம் பிள்ளை பெற்று வளர்க்க வேண்டும், அந்தப் பிள்ளைகளிடமும் அது இருக்க வேண்டும். இந்தக் கதையில் அப்படியொரு விகாரத்தை யாரும் சுட்டவில்லை.

ஒரு போதைப்பொருள் உண்மையாகவே கூர்ப்பில் கைவைத்தால் தடம் எப்படி இருக்கும் என்பதற்குத் தவறணைப் பக்கமே உதாரணம் உண்டு: மதுசாரம். ஏடிஎச்4 என்ற நொதியத்தில் சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன், மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் பொதுவான மூதாதையில், ஒரு விகாரம் விழுந்தது. அது மதுசாரத்திலுள்ள எதனோலை உடைக்கும் வேகத்தை 40 மடங்கு கூட்டியது. மரத்திலிருந்து நிலத்துக்கு இறங்கி, விழுந்து புளித்த பழங்களைப் பொறுக்கத் தொடங்கியதோடு இதைப் பொருத்துகிறார்கள். இன்று ஒருவர் ஒரு போத்தல் பனங்கள்ளைக் குடித்துவிட்டு வீடு போய்ச் சேருவதில் அந்தப் பழைய விகாரத்துக்கும் பங்குண்டு. சைலோசைபினுக்கு இப்படியொரு தடத்தை யாராவது காட்டட்டும், பேசலாம். அது மூளையில் போய் ஒட்டுகிற இடமான செரொட்டோனின் 2ஏ வாங்கி எலிக்கும் இருக்கிறது; கொடுத்தால் எலியும் தலையைச் சிலுப்பும், கதைக்காது.

மூளைப் பருமனோடு தொடர்புடைய பரம்பரை அலகுகள் சில தெரியும். நொட்ச்2என்எல் 30–40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரதிப் பிழையால் உருவானது. மூளையின் முற்கலங்கள் கூடுதல் நேரம் பிரிந்துகொண்டிருக்க அது இடம் தருகிறது. உடல் நிறையில் 2 சதவீதமான மூளை சக்தியில் 20 சதவீதத்தை விழுங்குவதால், இறைச்சியும் சமைத்த கிழங்கும் அதற்குச் செலவு கொடுத்தன என்பது எனக்கு நம்பக்கூடியதாகப் படுகிறது.

மொழிக்கு வருவோம். சைலோசைபின் சொற்தொடர்புகளைத் தளர்த்துவது உண்மை. 1996 இல் மன்பிரட் ஸ்பிற்சர் குழு கண்டது இது: நேரடியாகத் தொடர்பில்லாத சொற்களும் மனதில் ஒன்றையொன்று கிளப்பிவிடுகின்றன. கள்ளைச் சொல்லாமலே 'பனை' கேட்டவுடன் 'போதை' எழும்புவது மாதிரி. 2016 இல் எல்எஸ்டி என்ற மாயக்காட்சிப் போதைப்பொருளைக் கொடுத்துப் படங்களைப் பெயர் சொல்ல விட்டபோது, பொருளில் நெருங்கிய பிழைகள் கூடின. காரைப் பார்த்து பஸ் என்றார்கள். கவிதைக்கு இது உதவலாம். ஆனால் இரண்டிலும் ஏற்கனவே இருக்கிற அகராதிதான் கலைகிறது. அகராதி இல்லாதவனுக்குக் கலைக்க என்ன இருக்கிறது? வாய் கொட்டும் ஒலியிலும் பொருள் இல்லை. ஒரே ஒலிக்கு இரண்டு பேர் ஒரே பொருளைப் பிடிக்கும்போதுதான் மொழி.

மொழி புதிதாகப் பிறந்ததைக் கண்ணால் பார்த்த இடமும் ஒன்று உண்டு. நிக்கராகுவாவில் 1970களின் கடைசியில் செவிப்புலனற்ற பிள்ளைகளை ஒரே பாடசாலையில் சேர்த்தார்கள். கைச்சைகைகள் கலந்தன, பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள் அதற்கு இலக்கணம் ஏற்றி முழு மொழியாக்கிவிட்டார்கள். தேவைப்பட்டது சேர்ந்து விளையாடச் சில பிள்ளைகள் மட்டும்.

செடியும் காளானும் மனித வரலாற்றில் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவரவில்லை. ரெக்சஸில் கிடைத்த, மாயக்காட்சி தரும் பெயோற்றிக் கள்ளிக்கு வயது சுமார் 5,700 ஆண்டு. ஸ்பெயினில் 18,700 ஆண்டுப் பழைய பெண்ணொருத்தியின் பற்காறையில் காளான் வித்திகள் கிடைத்தன, ஆனால் அவை மயக்கும் காளானின் வித்திகள் என்று சொல்ல ஆதாரமில்லை. சடங்கு, சமயம், மருத்துவம் இவற்றில் இந்தச் செடிகளின் பங்கு பெரியது. 2021 இல் ரொட்ரிகஸ் ஆர்சேயும் விங்கெல்மனும் எழுதிய கட்டுரை, கூட்டு வாழ்க்கையையும் பிணைப்பையும் வலுப்படுத்தி மறைமுகமாக உதவியிருக்கலாம் என்கிறது. மக்கென்னாவின் கதையைவிட நிதானமானது, வாசிக்கலாம். ஆனால் மேலே கேட்ட விகாரம் அதிலும் கைக்குக் கிடைக்கவில்லை.

இனி எங்கள் சாணிக் காளான். பனேயோலஸ் சயனெசன்ஸ் என்ற சைலோசைபின் காளான் விஞ்ஞான உலகுக்கு முதலில் அறிமுகமானதே இலங்கையிலிருந்து. 1871 இல் பெர்க்லி, புரூம் என்ற ஆங்கிலேய ஆய்வாளர்கள் இலங்கைப் பங்கசுகள் பற்றி எழுதியபோது அதை விவரித்தார்கள். சாணியில் முளைக்கும், நசித்தால் உள்ளிருக்கும் சைலோசின் ஒட்சியேறி நீலமாகும். அதற்காக நீலத்தை அடையாளமாக நம்பவேண்டாம், வேறு காளான்களும் நீலமாகும். மழைக்குப் பிறகு புல்தரையில் வட்டமாக எழும் பெரிய வெள்ளைக் குடை, முற்றினால் அடிச்செதில் பச்சையாகும் வகை, ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் வாந்தியில் புரட்டும். அதைவிட மோசம் அமாற்றொக்சின் என்ற நஞ்சு உள்ளவை. 6 மணித்தியாலத்துக்கு ஒன்றும் தெரியாது, பிறகு வாந்தி, இடையில் சுகமானது போல ஒரு நாள், அதற்குப் பின் ஈரல் போய்விடும்.

வேலியோரத்து ஊமத்தையையும் சிலர் இதே பட்டியலில் சேர்க்கிறார்கள். அது சைலோசைபின் வகை மாயக்காட்சிச் செடி இல்லை. அதிலுள்ள அத்திரோப்பீனும் ஸ்கொப்பொலமீனும் நரம்புச் செய்தி கடத்தும் அசற்றைல்கோலினை மறித்துப் பிதற்றலை உண்டாக்குகின்றன: வாய் உலரும், உடல் கொதிக்கும், சலம் போகாது, எதிரே இல்லாதவரோடு கதைப்பார், பிறகு நினைவிராது. ஒரு காயிலுள்ள விதையின் வீரியம் அடுத்த காயில் இராது என்பதால் அளவு பார்த்துத் தின்பது என்று ஒன்று கிடையாது. யாராவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், மிஞ்சிய விதையையோ காளானையோ கடதாசிப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பொலித்தீனில் காளான் அழுகிவிடும், அடையாளம் காண முடியாது.