குளிர்காலத்தில் சைபீரிய ரயிலில் முதுகுப்பையுடன் பயணம் செய்ய முடியுமா?

மாஸ்கோவிலிருந்து சைபீரியா வழியாக மங்கோலியா வரை நடுக்குளிர்காலத்தில் ரயிலில் போக முடியுமா, குளிரைத் தாங்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். 2019 பிப்ரவரியில் நான் அப்படிப் போனபோது, வெளியே இருந்த குளிரைவிடப் பெட்டிக்குள் இருந்த வெக்கைதான் என்னை அதிகம் வருத்தியது.

மாஸ்கோ முதல் ரஷ்யாவின் கிழக்குக் கடற்கரையிலுள்ள விளாடிவாஸ்டாக் வரையிலான சைபீரிய ரயில் பாதை முழுவதும் 2002 இலேயே மின்மயமாகிவிட்டது. ஆனாலும் பெட்டிகளைச் சூடாக்க இன்றும் பல பெட்டிகளில் நிலக்கரி அடுப்புடன் கூடிய கொதிகலன் உண்டு. வெளியே மைனஸ் 30 டிகிரி இருக்கையில் உள்ளே ஏறக்குறைய 25 டிகிரி இருக்கும். உள்ளூர்ப் பயணிகள் ஏறியவுடனே பூட்ஸைக் கழற்றிவிட்டு, ரப்பர் செருப்பும் டி-ஷர்ட்டுமாக வீட்டுக்கோலத்துக்கு மாறிவிடுவார்கள். ஆகவே ஒரே ஒரு கனத்த ஆடையை நம்பாமல், மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ், அதற்கும் மேல் காற்றுப் புகாத கோட்டு என்று கழற்றவும் மாட்டவும் வசதியாக அடுக்கிக்கொள்ளுங்கள். பருத்தி பனியன் வேண்டாம். உள்ளே வியர்த்த ஈரத்துடன் நடைமேடையில் இறங்கினால் சில நிமிடங்களிலேயே நடுக்கம் எடுத்துவிடும். கைபேசியை உடலோடு ஒட்டிய பையில் வைத்திருங்கள், குளிரில் பேட்டரி விரைவில் இறங்கிவிடும். கேமராவை உள்ளே கொண்டுவரும் முன்பே பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டிவிட்டால் லென்ஸில் நீர் கோக்காது.

எந்த வகுப்பு என்று கேட்டால், பிளாட்ஸ்கார்ட் எனப்படும் மூன்றாம் வகுப்பைத்தான் சொல்வேன். நம் ஊர் ஸ்லீப்பர் பெட்டியைப் போலவே திறந்த அமைப்பு. ஆனால் நடுப் படுக்கை கிடையாது என்பதால் ஒரு தடுப்புக்கு எட்டுக்குப் பதில் ஆறு பேர், மொத்தம் 54 படுக்கைகள். கதவு சாத்திய நான்கு பேர் அறையான கூப்பேயில் ஒத்துவராத துணை வாய்த்தால் இரண்டு நாள் தப்பிக்க வழியில்லை. பிளாட்ஸ்கார்ட்டில் ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருப்பதே, தனியாகப் போகிறவருக்குப் பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

பெட்டியின் முனையில் இரவும் பகலும் வெந்நீர் இலவசமாகக் கிடைக்கும். சைவர்கள் கடைகளில் விற்கும் உடனடி பக்வீட் (ரஷ்யர்கள் அதிகம் உண்ணும் ஒரு தானியம்) கஞ்சி, ஓட்ஸ், உருளைக்கிழங்கு மாவு ஆகியவற்றைக் கொண்டே சமாளிக்கலாம். பக்வீட்டுடன் பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் எவ்வளவு பொருந்தும் என்பதை நான் அங்கேதான் அறிந்தேன்.

பைக்கால் ஏரிக்கு மேற்கிலுள்ள இர்கூட்ஸ்க் நகருக்கும் கிழக்கிலுள்ள உலான் உதே நகருக்கும் இடைப்பட்ட பகுதியைப் பகலில் கடக்கும் ரயிலாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். கிழக்கு நோக்கிப் போகும்போது பைக்கால் ஏரி இடப்பக்கம் வரும். பிப்ரவரியில் அது முழுவதும் உறைந்திருக்கும். ஏரியின் தென்கரைப் பாதை முடிவதற்குள் 1904 இல் ஜப்பானுடன் போர் மூண்டுவிட, இந்தப் பனியின்மீதே தண்டவாளம் போட்டு, ரயில் பெட்டிகளைக் குதிரைகளைக் கொண்டு இழுத்துச் சென்றிருக்கிறார்கள். ஜன்னல் வழியாக அந்தப் பரப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது நம்பும்படியாக இருந்தது.

பழைய பயணக் குறிப்புகளில் ரயில் நேரம் எல்லாம் மாஸ்கோ நேரம் என்று படித்திருப்பீர்கள். 2018 ஆகஸ்ட் முதல் பயணச்சீட்டில் அந்தந்த ஊரின் நேரமே அச்சிடப்படுகிறது. மங்கோலியா வழியாக ஓடிய மாஸ்கோ–பெய்ஜிங் நேரடி ரயில் 2020 இல் கொரோனாவால் நிறுத்தப்பட்டதால், மங்கோலியாவுக்குப் பாதை பிரியும் உலான் உதேவிலிருந்து அந்நாட்டுக்கு ரயிலோ பேருந்தோ எது ஓடுகிறது என்பதைப் புறப்படும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் 2022 மார்ச்சில் ரஷ்யாவில் சேவையை நிறுத்திவிட்டதால் நம் வங்கி அட்டைகள் அங்கே செல்லாது; முழுச் செலவுக்கும் ரொக்கம் கையில் வேண்டும்.