தீபாவளி முதல் பொங்கல் வரை: குடியை விட்டவர்களும் அவர்களைக் கவனிப்பவர்களும்

பண்டிகையை ஒட்டி வந்த கடிதங்களில் பாதி, குடியை நிறுத்தியபின் முதல் தீபாவளியைச் சந்திக்கப் போகிறவர்கள் எழுதியவை. மீதி, அன்றைக்கும் டியூட்டியில் இருக்கப்போகும் செவிலியர்கள், ஆலோசகர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்களுடையவை. குடிநோய் சிகிச்சையில் பணிபுரியும் குழு பதிலளிக்கிறது.

திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர் நான். குடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. போனஸ் வாங்கிக்கொண்டு தேனிப் பக்கம் மாமனார் ஊருக்குப் போகவேண்டும். மச்சான்கள், பங்காளிகள் கூடும் இடம். போகாமலே இருந்துவிடலாமா?

போங்கள். பண்டிகை நாளில் பூட்டிய அறையில் தனியாக இருப்பது அதைவிட ஆபத்து. ஆனால் எந்தெந்த மணிநேரம் ஆபத்தானது என்று இப்போதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, போனஸ் கைக்கு வரும் சாயங்காலம். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். எதுவானாலும் மொத்தமாகக் கையில் விழும் பணம். அன்றைக்கே மனைவியின் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். பஸ் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் சட்டைப்பையில் இருக்கட்டும். செல்போனில் பணம் அனுப்பும் கணக்கிலும் அதிகம் வைக்கவேண்டாம். முடிந்தால் பகல் பஸ்ஸில், குடும்பத்தோடு கிளம்புங்கள்.

இரண்டாவது, தீபாவளிக்கு முந்தின இரவு. நீங்கள் பசியோடும் களைப்போடும் ஊரில் இறங்குவீர்கள், நண்பர்கள் காத்திருப்பார்கள். இறங்குவதற்குள் வயிறு நிறையச் சாப்பிட்டிருங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு: இந்த நான்கில் இரண்டு சேர்ந்தாலே மனம் சரக்கைத் தேடத் தொடங்கும்.

மூன்றாவது, தீபாவளியன்று பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை. தீபாவளிக்கு டாஸ்மாக் விடுமுறை கிடையாது. பன்னிரண்டு மணிக்குத் திறக்கும். எண்ணெய்க் குளியல், பலகாரம், கறிச்சாப்பாடு எல்லாம் முடிந்து ஆண்கள் ஒவ்வொருவராக மொட்டைமாடிக்கோ தோப்புக்கோ நகரும் நேரமும் அதுதான். அந்த நான்கு மணிநேரத்துக்கு ஒரு வேலையை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பட்டாசு வெடிக்கத் துணை நிற்பது, சொந்தக்காரர் வீடுகளுக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பது, எதுவாகவும் இருக்கலாம்.

யாராவது ஊற்றினால் என்ன சொல்வது? "நான் விட்டுட்டேன், வேண்டாம்." அவ்வளவுதான். காரணம் சொன்னால் அதற்கு எதிர்வாதம் வரும். "மாத்திரை சாப்பிடுறேன்" என்றால் "ஒரு பெக் ஒண்ணும் பண்ணாது" என்பார்கள். இரண்டு முறை சொல்லுங்கள். மூன்றாம் முறை வற்புறுத்தினால் எழுந்துவிடுங்கள். கையில் எப்போதும் நீங்களே ஊற்றிக்கொண்ட டம்ளர் இருக்கட்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் இரண்டு லிட்டர் கோலா பாட்டிலைத் தொடாதீர்கள். அதிலேயே கலந்து வைத்திருப்பார்கள். வீட்டில் ஒருவரிடம், மாமனாரோ விவரமான ஒரு மச்சானோ, இரண்டு நாள் முன்னதாகவே போனில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

அடக்கமுடியாத ஆசை வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இருபது முப்பது நிமிடத்தில் அது உச்சிக்கு ஏறி இறங்கிவிடும். அந்த நேரத்தை நடையிலோ, ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு) வழிகாட்டியுடன் போன் பேச்சிலோ கடத்துங்கள். ஊருக்குப் பக்கத்து நகரத்தில் ஏ.ஏ. கூட்டம் எங்கே, எந்தக் கிழமை என்று கிளம்புமுன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வருடமாகத் தினமும் குடிக்கிறேன். தீபாவளியோடு முடித்துக்கொண்டு, கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டு அன்றே நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

மாலை போடுவது நல்ல முடிவு. விடியற்காலைக் குளியல், பஜனை, கூட்டு, ஒழுங்கு எல்லாம் சேர்ந்து கிடைக்கும். "சாமி" என்று கூப்பிடும் ஒருவருக்கு நம் ஊரில் யாரும் ஊற்றிக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் தினக்குடியை அன்றைக்கே திடீரென்று நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாகலாம்.

கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணிநேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்வதாகத் தெரியும், சொந்தப் பிள்ளையையே அடையாளம் தெரியாது. விரதத்தில் பட்டினியும் குளிர்ந்த நீர்க் குளியலும் சேர்ந்தால் உடம்பு இன்னும் தளரும்.

ஆகவே மாலை போடும் நாளுக்குப் பத்து நாள் முன்பே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் உள்நோயாளியாகச் சேர்வதே நல்லது. நடுக்கத்துக்கான மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துச் சுமார் ஒரு வாரம் தருவார்கள். தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள். உள்ளூர் கிளினிக்கில் "பலவீனம்" என்று குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொள்ளாதீர்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏறினால், குடியால் ஏற்கெனவே அந்த வைட்டமின் குறைந்திருக்கும் மூளையில் பாதிப்பு வரக்கூடும். மருத்துவரைப் பார்க்கும்வரை நீங்களாக ஒரேயடியாக நிறுத்தவேண்டாம். வலிப்போ குழப்பமோ வந்தால் 108.

இன்னொன்று. இப்படி விட்டவர்களில் பலர் சறுக்குவது மாலை கழற்றும் நாளில்தான். அந்த வாரத்துக்கு மருத்துவரிடமும் ஏ.ஏ. கூட்டத்துக்கும் இப்போதே நாள் குறித்து வையுங்கள்.

எங்கள் குலதெய்வம் கருப்பசாமி. கிடாவெட்டில் சாராயமும் சுருட்டும் படைப்பது வழக்கம். படையலை மறுத்தால் குற்றமாகிவிடுமோ?

விபூதி வாங்கிக்கொள்ளுங்கள், அது போதும். பூசாரியிடம் முந்தின நாளே "சாமிக்கு நேர்ந்துகிட்டு விட்டிருக்கேன்" என்று சொல்லுங்கள். நேர்த்திக்கடன் என்றால் எந்தப் பங்காளியும் மறுபேச்சுப் பேசமாட்டார். உங்கள் குடும்பம் பாட்டில் வாங்கவேண்டிய முறை என்றால் பணத்தை மட்டும் கொடுத்து வேறொரு பங்காளியை வாங்கச் சொல்லுங்கள். கடை வாசலுக்கு நீங்கள் போகவேண்டாம். படையல் தீர்த்தம் ஒரு சொட்டுக்கூட நாக்கில் படக்கூடாது. ஒரு சொட்டால் போதை வராது. ஆனால் "சாமி பேரில் பரவாயில்லை" என்ற அனுமதி மனதுக்குள் வந்துவிடும். கறி வெந்து முதல் பந்தி முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். ஊர் திரும்பச் சொந்த வண்டியில் போங்கள். மற்றவர் வேனை நம்பினால் கடைசி பாட்டில் காலியாகும்வரை அங்கேயே உட்காரவேண்டியிருக்கும்.

கணவருக்குக் குடியை விடுவதற்காக டைசல்ஃபிரம் 250 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தார்கள். தீபாவளிக்காகப் பத்து நாள் முன்பே நிறுத்திவிட்டார். அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிடலாமா?

வேண்டாம். இந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது மது சேர்ந்தால் அரைமணிக்குள் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயநோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். தெரியாமல் சாப்பிட்டவர் தெரியாமல் குடிப்பார், அதுதான் ஆபத்து. அவரிடம் சொல்லவேண்டியது வேறு: நிறுத்தினாலும் பதினான்கு நாள்வரை இதன் வேலை உடம்பில் இருக்கலாம். பத்தாம் நாள் குடித்தாலும் எதிர்வினை வரலாம். இதை நேராகச் சொல்லுங்கள். அவர் மருத்துவரிடமும் பேசட்டும். ஆசையைக் குறைக்கும் வேறு வகை மாத்திரைகளும் உண்டு.

மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் பண்டிகைக் காலத்தில் கவனிக்கவேண்டியவை: தசமூலாரிஷ்டம், திராட்சாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களில் புளிப்பேறி உண்டாகும் மது இருக்கிறது. சில இருமல் சிரப்புகளிலும், ரம்மில் ஊறிய கிறிஸ்துமஸ் கேக்கிலும், வீட்டுத் திராட்சை ஒயினிலும் உண்டு. சுக்கு, ஓமம், திப்பிலி, வெல்லம், நெய் போட்டு வீட்டில் கிளறும் தீபாவளி லேகியத்தில் இல்லை; தாராளமாகச் சாப்பிடலாம். கண் மஞ்சளானால் மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். தீபாவளி வாரம் முழுக்க நைட் டியூட்டி: தீக்காயம், விபத்து, குடித்துவிட்டு வருபவர்கள். முன்பெல்லாம் பாவமாக இருக்கும், இப்போது எரிச்சல்தான் வருகிறது. பகலில் தூக்கமும் இல்லை. சக ஊழியர் அல்பிரசோலம் பாதி மாத்திரை போடச் சொல்கிறார்.

"இந்த ஆறாம் நம்பர் பெட் போன வருஷமும் இப்படித்தானே வந்தான்" என்று வாயில் வருகிறதா? அது உங்கள் குணம் கெட்டுவிட்டதன் அடையாளம் அல்ல. உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் பணிச்சோர்வுக்கு மூன்று கூறுகளைச் சொன்னார்: உள்ளம் வற்றிப்போவது, மனிதரை எண்ணாகப் பார்க்கத் தொடங்குவது, என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய் என்று சொல்லாமல், வேலையிடத்தில் தீராமல் தொடரும் அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. ஆகவே மருந்தின் பாதி உங்கள் டியூட்டி பட்டியலில் இருக்கிறது. தொடர் நைட் முடிந்ததும் இரண்டு நாள் ஓய்வு வேண்டும் என்று நர்சிங் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்காமல் வார்டில் நான்குபேர் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள்.

மீதிப் பாதி உங்கள் கையில். முக்கியச் சாப்பாட்டை டியூட்டிக்கு முன் சாப்பிடுங்கள். நள்ளிரவில் இட்லி, மோர், பழம் என்று லேசாக. காலை ஒன்பது மணிக்குப் படுப்பதானால் கடைசி டீயோ காபியோ மூன்று மணிக்கு. விடியற்காலை ஐந்துமணி டீதான் பலருடைய பகல் தூக்கத்தைக் கெடுக்கிறது. மாற்றி விட ஆள் இருந்தால் இரவு இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே இருபது நிமிடம் கண்ணயருங்கள். அதற்குமேல் போனால் எழும்போது தலை கனக்கும். வீட்டில் ஜன்னலுக்குக் கனத்த போர்வை, பட்டாசுச் சத்தத்துக்குக் காதில் பஞ்சு, போன் அடுத்த அறையில்.

டியூட்டி ஒப்படைக்கும்போது பத்து நிமிடம் ஒதுக்கி, அன்றைய கடினமான கேஸைப் பற்றி ஒருவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள். என்ன நடந்தது, எது தாங்கமுடியவில்லை, எதை அடுத்தவரிடம் ஒப்படைக்கிறேன்: இந்த மூன்றும் போதும். குழந்தை இறந்த இரவில் இதைத் தவிர்க்கவே கூடாது.

அல்பிரசோலம் வேண்டாம். சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும், நிறுத்தினால் தூக்கம் இன்னும் கெடும். மருத்துவப் பணியாளர்களுக்கு வார்டு அலமாரியே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் ஆபத்து கூடுதல். வலிக்கான ஊசியோ தூக்க மாத்திரையோ ஒருமுறை எடுத்திருந்தாலும், இரண்டாம் முறைக்குமுன் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே, பெயர் சொல்லாமல் பேசலாம்.

108-இல் வேலை. ஷிஃப்ட் முடிந்து இரவு ஒரு குவார்ட்டர் போட்டால்தான் தூக்கம். காலையில் தெளிவாகத்தான் இருக்கிறேன்.

180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் ஏறக்குறைய 60 கிராம் சுத்த மது. கல்லீரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம்தான் எரிக்கும். பத்து மணிக்குக் குடித்தால் விடிகாலை நான்கு மணிவரையாவது, சிலருக்கு ஆறரை மணி தாண்டியும், ரத்தத்தில் மது இருக்கும். காலை ஷிஃப்டுக்கு ஏறும்போது மிச்சம் இருக்கவும் கூடும். மது சீக்கிரம் தூங்கவைக்கும், இரண்டாம் பாதித் தூக்கத்தைத் துண்டுதுண்டாக்கும். அதனால்தான் மறுநாளும் களைப்பு, மறுநாளும் குவார்ட்டர். தினமும் என்றால், திடீரென்று நிறுத்துவது பற்றி மேலே மாலை போடுபவருக்குச் சொன்ன எச்சரிக்கை உங்களுக்கும் பொருந்தும்.

மறுவாழ்வு மையத்தில் ஆலோசகர். பண்டிகை இரவுகளில் போன் ஓயாது. எடுக்காவிட்டால் குற்ற உணர்ச்சி, எடுத்தால் வீட்டில் சண்டை.

பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவருடனும் உட்கார்ந்து ஒரு பக்கத் திட்டம் எழுதுங்கள்: ஆபத்தான மணி, போகவேண்டிய இடம், கூப்பிடவேண்டிய மூன்று பேர். அந்த மூவரில் நீங்கள் மூன்றாமவராக இருங்கள். முதல் இருவர் ஏ.ஏ. நண்பரும் வீட்டாரும். வேலைக்குத் தனி சிம். மையத்தில் ஆலோசகர்கள் இரவு முறை பிரித்துக்கொண்டு, முறை இல்லாதவர் போனை அணைத்துவிடவேண்டும். "இரவு ஒன்பதுக்குமேல் 14446 (போதை மீட்பு உதவி எண்) அல்லது 14416, வலிப்பு, குழப்பம், தற்கொலைப் பேச்சு என்றால் உடனே 108" என்று வாட்ஸ்அப்பில் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். நீங்களே குடியிலிருந்து மீண்டவர் என்றால் இன்னும் கவனம்: மற்றவருக்கு நடத்தும் கூட்டம் உங்கள் கணக்கில் சேராது. உங்களுக்கென்று, நீங்கள் வெறும் உறுப்பினராக உட்காரும் கூட்டம் வாரத்துக்கு ஒன்றாவது வேண்டும்.

போன பொங்கல் கரிநாளில் ஒரு பெக் போட்டேன். "போனது போச்சு" என்று அன்றே முழு பாட்டில். இந்த முறை அப்படி ஆனால்?

உங்களைக் கவிழ்த்தது முதல் பெக்கைவிட "போனது போச்சு" என்ற எண்ணம்தான். மறுசறுக்கல் தடுப்பு முறையை வகுத்த ஆலன் மார்லட் இதைத் தனியாகவே எடுத்துச் சொன்னார்.

டம்ளரைக் கீழே வைத்ததும் அந்த இடத்தைவிட்டு வெளியேறுங்கள், வண்டி ஓட்டாமல். அன்றிரவே ஒருவரிடம் சொல்லுங்கள். சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். டைசல்ஃபிரம் மாத்திரையை அன்று தொடாதீர்கள். எப்போது திரும்பத் தொடங்குவது என்று மருத்துவர் சொல்லட்டும். மாதக்கணக்கில் விட்டவருக்குப் பழைய அளவு தாங்காது. நினைவு தப்பினால் மல்லாக்கப் படுக்கவைக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், எழுப்பியும் எழவில்லை என்றால் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து குடித்துவிட்டால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவமனைக்கே போங்கள். போகும்போது எத்தனை மணிக்கு, யாருடன், எவ்வளவு, அதற்குமுன் என்ன நடந்தது என்று எழுதிய தாளை எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சையை எப்படி மாற்றுவது என்று முடிவுசெய்ய மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.