ஐடி வேலை, மேனேஜர் தொல்லை: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

ஐடில 17 வருசம், அதுல 4 வருசம் நானே மேனேஜரா இருந்து பாத்துட்டேன், இப்ப மறுபடியும் டெவலப்பரா மதுரை இலந்தைக்குளம் பக்கம் ஒரு ஆபிஸ்ல ஒக்காந்திருக்கேன். வக்கீல் எல்லாம் இல்ல, ஆனா லேபர் ஆபிசுக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டு அலைஞ்ச அனுபவம் உண்டு. கேளுங்க.

திருமங்கலம் தம்பி: அண்ணே, காலைல 9 மணிக்கு லாகின், நைட்டு 10.30க்கு க்ளையன்ட் கால். கேட்டா யூஎஸ் ப்ராஜெக்ட்னா அப்டித்தாங்கிறாரு மேனேஜர்.

பதில்: அப்டித்தான்லாம் இல்ல தம்பி. நமக்கு 10.30ன்னா நியூயார்க்ல கோடைல மதியம் 1 மணி, அவன் சாப்ட்டு வந்து சாவகாசமா ஒக்கார்ற நேரம். அதையே அவன் காலைல 9 மணிக்கு வச்சா நமக்கு சாயங்காலம் 6.30தான், நவம்பர்ல அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவாய்ங்க, அப்ப 7.30. எப்டிப் பாத்தாலும் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்ல இருக்கலாம். நான் டீம் லீடா இருந்தப்ப இதே மாதிரி ஒரு கால் ரெண்டு வருசமா ஓடுச்சு, ஒருநாள் வாய் தவறி க்ளையன்ட்டயே கேட்டுட்டேன், கொஞ்சம் வெள்ளன வைக்கலாமான்னு. உங்க ஆளுகதான இந்த டைம் வேணும்னு சொன்னாங்கன்னாரு அந்தாளு. விசாரிச்சா எங்க மேனேஜர் சாயங்காலம் ஷட்டில் ஆடப் போறவரு, அதுக்குத் தோதா வச்ச டைமாம். ரெண்டு வருசம்! நீ சண்டைக்குப் போகாத, ஒரு மெயில் போடு. கால் டைமை சாயங்காலம் 6.30க்கு மாத்தலாமா, இல்லனா கால் இருக்குற அன்னைக்கு மதியம் 1 மணிக்கு லாகின் பண்ணிக்கவான்னு ரெண்டுல ஒண்ணு கேளு. வாய்ல கேட்டா வாய்லயே முடிச்சு விட்ருவாய்ங்க.

கே.கே.நகர் நண்பர்: சட்டப்படி எத்தனை மணி நேரம்தான் வேலை பாக்கணும்? ஐடிக்கு சட்டமே கிடையாதுங்கிறாங்களே?

பதில்: யாரு சொன்னா? 1947ல வந்த தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் இருக்கு. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேத்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54ஐத் தாண்டக் கூடாது, ஓவர்டைமுக்கு ரெட்டைச் சம்பளம். மேனேஜ்மென்ட் பொறுப்புல இருக்குறவங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அதான் மூணு வருச அனுபவம் உள்ள பையனுக்கெல்லாம் அசோசியேட் மேனேஜர்னு பட்டம் கட்டி விடுறது, ஆனா பட்டம் முக்கியமில்ல, பாக்குற வேலை என்னங்கிறதுதான் கணக்கு.

இதுல கூத்து எங்கன்னா டைம்ஷீட்ல, அதான் எத்தனை மணி நேரம் வேலை பாத்தோம்னு நாமளே எழுதிக் குடுக்குற கணக்குல. 11 மணி நேரம் வேலை பாத்துட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாமளே 8, 8, 8, 8, 8ன்னு போட்டு சப்மிட் குடுக்குறோம். ஏன்னா அதுக்கு மேல போட்டா அப்ரூவ் ஆகாது, க்ளையன்ட்டுக்குப் போடுற பில் இடிக்கும்னு லீட் சொல்லிருப்பாரு. அப்ப நாளைக்கு நீங்க எங்க போயி நின்னாலும் உங்க கையாலயே எழுதுன 40ஐத்தான் எடுத்துக் காட்டுவாய்ங்க. முடிஞ்சா உள்ளதைப் போடுங்க, ரிஜெக்ட் ஆனா அந்த ரிஜெக்ட் மெயிலே ஒரு ஆதாரம்.

மேலூர்ல இருந்து ஒரு தங்கச்சி: அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு லீவு கேட்டேண்ணே, சாப்ட்வேர் ரிலீஸ் இருக்குன்னு தரல.

பதில்: ஆத்தாடி, மதுரைல ஆபிஸ் வச்சுக்கிட்டு அன்னைக்கு ரிலீஸ் வைக்கிறாய்ங்களா! சித்ரா பவுர்ணமி என்னைக்குன்னு பஞ்சாங்கத்துல முன்னாடியே இருக்கும்மா. 26 ஜனவரி, மே தினம், ஆகஸ்ட் 15, காந்தி ஜெயந்தி போக வருசத்துக்கு 5 பண்டிகை லீவு தரணும்னு தமிழ்நாட்டுல 1958லயே சட்டம் இருக்கு, அந்த அஞ்சு எதுங்கிறதை வருசத் தொடக்கத்துல முடிவு பண்ணுவாங்க. அப்பவே பத்து பேர் சேந்து எச்ஆர்ட்ட எழுதிக் குடுங்க.

சோழவந்தான் தம்பி: அண்ணே, பிஐபில போட்டாங்க, அதான் வேலை சரியில்ல, இத்தனை நாளைக்குள்ள சரி பண்ணிக் காட்டுங்கிறது. நேத்து எச்ஆர் ரூம்ல ஒக்கார வச்சு, நீயா ரிசைன் பண்ணிரு இல்லனா டெர்மினேட் பண்ணுவோம், பேர் கெட்டுரும்னாங்க. 4 வருசம் 9 மாசம் ஆச்சு, பேசிக் சம்பளம் மாசம் 30,000.

பதில்: கையெழுத்துப் போட்டியா? போடலன்னா பாதி ஜெயிச்ச மாதிரி. அந்த ரூம்ல எதுவும் முடிவு பண்ணாத, வீட்ல கேட்டுட்டு வாறேன்னு எந்திரிச்சு வந்துரு, வந்து அங்க என்ன பேசுனாய்ங்களோ அதை அன்னைக்கே மெயிலா அவய்ங்களுக்கே போடு. மேல சொன்ன கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல 41வது பிரிவு, 6 மாசம் தொடர்ந்து வேலை பாத்தவனை நியாயமான காரணம் இல்லாம, ஒரு மாச நோட்டீஸோ அதுக்கான சம்பளமோ தராம அனுப்ப முடியாது, அனுப்புனா அப்பீல் போகலாம். நீயா ரிசைன் குடுத்துட்டா அப்பீல் போறது ரொம்பக் கஷ்டம், அதுக்குத்தான் இந்த அவசரம்.

இன்னொண்ணு, வேலையை விட்டுப் போகும்போது தர்ற பணிக்கொடை, அதான் கிராஜுட்டிக்கு 5 வருசம் வேணும், உனக்கு இன்னும் 3 மாசம். அஞ்சாவது வருசத்துல 240 நாள் வேலை பாத்திருந்தாலே போதும்னு சென்னை ஹைகோர்ட் தீர்ப்பு இருக்கு, ஆனா கம்பெனிக்காரன் லேசுல ஒத்துக்க மாட்டான். 30,000ஐ 15ஆல பெருக்கி 26ஆல வகுத்து அஞ்சு வருசத்துக்குப் போட்டா 86,500 ரூவா சொச்சம். போயித்தான் ஆகணும்னா தேதியைத் தள்ளிக் கேளு, ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ரெண்டும் எழுத்துல வந்தப்பறம் கையெழுத்துப் போடு.

ஒண்ணு சொல்றேன், பிஐபில வந்துட்டோமேன்னு கூனிக் குறுகாத. நான் மேனேஜரா இருந்தப்ப 10 பேர் டீம், ஒருத்தருக்குக் கடைசி ரேட்டிங் போட்டே ஆகணும்னு மேல இருந்து ஆர்டர். பத்து பேரும் நல்லா வேலை பாக்குற ஆளுக. யாருக்குப் போட்டேன் தெரியுமா, எதுத்துப் பேச மாட்டான்னு தெரிஞ்ச பையனுக்கு. உசிலம்பட்டிப் பக்கம், அதிர்ந்து பேச மாட்டான். ஓகேண்ணேன்னு சொல்லிட்டுப் போயி அன்னைக்கும் 9 மணி வரைக்கும் டிக்கெட் க்ளோஸ் பண்ணிட்டுத்தான் கெளம்புனான். ஆறு மாசத்துல நான் மேனேஜர் வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்.

அனுப்பானடில இருந்து ஒரு ஐயா: மகன் சென்னைல ஐடி. ஞாயித்துக்கிழமை ராத்திரி பாண்டியன்ல ஏத்தி விடும்போது மொகமே செத்துப் போகுது தம்பி. கேட்டா ஒண்ணுமில்லங்கிறான்.

பதில்: ஐயா, சம்பளம் எவ்வளவு, வீட்டு லோன் எப்ப முடியும்னு கொஞ்ச நாளைக்குக் கேக்காதீங்க. ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறன்னு மட்டும் கேளுங்க. ரெண்டு மணி மூணு மணின்னான்னா, ஊர்ல எல்லாரும் பாக்குற வேலைதானன்னு சொல்லிறாதீங்க, அப்பறம் உங்கட்ட பேசவே மாட்டான். 14416, டெலிமானஸ், மனசு சரியில்லாதவங்க பேசுறதுக்கு அரசாங்கத்தோட இலவச நம்பர், தமிழ்லயே பேசுவாங்க. அவனுக்கு அனுப்பி வைங்க. ஒரு வாரம் லீவு போட்டு வரச் சொல்லுங்க, வந்தா லேப்டாப்பை பீரோல வச்சுப் பூட்டிருங்க.

திருமங்கலம் தம்பி மறுபடியும்: அண்ணே, அந்த உசிலம்பட்டிப் பையன் இப்ப எங்க?

பதில்: வேற கம்பெனில நல்லா இருக்கான். போன வருசம் பத்திரிகை அனுப்பிருந்தான், தல்லாகுளத்துல கல்யாணம். போனேன். வாங்கண்ணேன்னு கையைப் பிடிச்சான். மொய் எழுதிட்டு, பந்தில ஒக்காராம வந்துட்டேன்.