மலிவுக் கீரைக்கு நிஜ விலை என்ன?

கேள்வி: ஐயா, நாங்கள் செந்தூலில் இருக்கிறோம், நாலு பேர். காய்கறிக்கு மட்டும் மாதம் 480 ரிங்கிட் ஆகிறது. சந்தையில் மலிவு என்று பை பையாக வாங்கி வந்தால் கால்வாசி அழுகிப் போகிறது. விலை கூடினாலும் பேரங்காடியிலேயே வாங்கலாம் என்கிறார் மனைவி. கிரெடிட் கார்டிலும் 3,000 ரிங்கிட் பாக்கி. எங்கே வாங்கினால் மிச்சம்?

பதில்: 480இல் கால்வாசி 120 ரிங்கிட். உங்கள் வீட்டில் சண்டை கடையைப் பற்றியது. காசு போவதோ குப்பைக்கூடை வழியாக.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்தையில் கீரை கிலோ 5 ரிங்கிட், அதில் 400 கிராம் வீண் என்று வையுங்கள். சட்டிக்குப் போன 600 கிராமின் விலை கிலோவுக்கு 8.33. பேரங்காடியில் 7.50, வீண் 100 கிராம்தான் என்றால் அதுவும் 8.33. இரண்டும் ஒரே விலை! இரண்டு வாரத்துக்கு, அழுகியதை மட்டும் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். தண்டும் தோலும் எந்தக் கடையில் வாங்கினாலும் போகும், அதைச் சேர்க்க வேண்டாம். ‘பிரைஸ் கேட்சர்’ செயலியில் கடைக்குக் கடை விலை தெரியும், தரம் தெரியாது. அதற்கு உங்கள் தராசுதான்.

தரம் கடையைப் பொறுத்தது என்பதைவிட, காயைப் பொறுத்தது. கேரட், முட்டைக்கோஸ், கொத்தமல்லி போன்றவை குளிரில் நிலைக்கும். கேமரன் மலையிலிருந்து இறங்கியதிலிருந்து குளிரிலேயே இருந்தவை பேரங்காடியில் நன்றாக இருக்கும். வெண்டைக்காய், கத்தரிக்காய், வெள்ளரிக்காய் நேர் எதிர். ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே சில நாள் கிடந்தால் தோல் குழி விழும், கத்தரி விதை கறுக்கும். இவற்றைச் சௌக்கிட் போன்ற, சரக்கு வேகமாகத் தீரும் சந்தையில் காலையிலேயே வாங்குங்கள். அதே சந்தையில் பதினொரு மணிக்குக் கீரை வாங்குவது வீண்; வெக்கையில் வதங்கி, தண்ணீர் தெளித்துத் தெளித்து எடை ஏறியிருக்கும்.

கொத்தமல்லிக் கட்டை மேலாகப் பார்த்து எடுக்காதீர்கள். ரப்பர் வளையம் இறுக்கிய இடத்தை விரித்துப் பாருங்கள், மஞ்சளும் வழவழப்பும் அங்கேதான் தொடங்கும். சின்ன வெங்காயத்தின் கழுத்தை அழுத்துங்கள். அமுங்கினால் உள்ளே அழுகல். பிளாஸ்டிக் பொட்டலத்தின் உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தால், தள்ளுபடி ஒட்டு ஒட்டியிருந்தாலும் அன்றே சமைப்பதாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

வாங்கிய பிறகு கெடுப்பது நாம்தான். ஈரக் கீரையை அப்படியே குளிர்பெட்டியில் திணிக்கிறோம். துடைத்து, காகிதத்தில் சுற்றி வையுங்கள். பழுத்த தக்காளி, வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் கீரை வேண்டாம், அவை விடும் வாயு இலையை மஞ்சளாக்கும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் தனித்தனிக் கூடையில் இருக்கட்டும்.

செலாயாங் மொத்தச் சந்தையிலும் விலை குறைவுதான். ஆனால் நாலு பேருக்கு ஒரு பெட்டித் தக்காளி எதற்கு? வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் பக்கத்து வீட்டோடு பங்கு போடுவதாக இருந்தால் போகலாம், பெட்ரோலையும் பார்க்கிங்கையும் விலையில் சேர்த்துப் பார்த்துவிட்டு. மற்றதை வாரம் இரண்டு தடவை, மூன்று நாளுக்கு மேல் போகாத அளவில் வாங்குங்கள்.

இப்படி 120ஐ 50 ஆக்கினால் மாதம் 70 ரிங்கிட் மிச்சம். கார்டு வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு என்றால், 3,000 பாக்கிக்கு மாதம் 45 ரிங்கிட் வட்டி மட்டுமே போகிறது. அந்த 70ஐ குறைந்தபட்சத் தவணைக்கு மேல், சம்பளம் வந்த அன்றே கட்டிவிடுங்கள். மாதக் கடைசிவரை கையில் வைத்திருந்தால் அது மறுபடி சந்தைக்குத்தான் போகும்.