"எடுத்தா என்ன தருவீங்க?" என்று கேட்கும் மகன்

கேள்வி: செங்கலடியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் தரம் 7. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பாஸ் பண்ணினால் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லிப் படிக்க வைத்தார்களாம். பாஸ் பண்ணினான், சைக்கிளும் வந்தது, மட்டக்களப்பு டவுனில் பாடசாலையும் கிடைத்தது. ஊர்ப் பள்ளியில் எப்போதும் முதலாம் பிள்ளையாக இருந்தவன் இப்போது வகுப்பில் 22ஆம் பிள்ளை. புத்தகத்தை எடு என்றால் "எடுத்தா என்ன தருவீங்க?" என்கிறான். கூடைப்பந்துப் பயிற்சி உள்ள நாளில் மட்டும் யாரும் எழுப்பாமலே எழும்பிவிடுகிறான். மார்க்ஸ் கூடும்வரை விளையாட்டை நிறுத்தச் சொல்லிக் கத்தாரிலிருந்து தகப்பன் சொல்கிறார். நிறுத்தலாமா? பரிசு கொடுத்துப் பழக்கியதுதான் பிழையா?

பதில்: விளையாட்டை நிறுத்த வேண்டாம். உங்கள் வீட்டில் உடனே முடிவெடுக்கப்போவது அதைப் பற்றித்தான் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சைக்கிள் விஷயத்தில் உங்களை நீங்களே அதிகம் நொந்துகொள்ளத் தேவையில்லை. பரிசு பற்றி உளவியலில் நன்றாகத் தெரிந்த பரிசோதனை ஒன்று உண்டு. 1973இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக முன்பள்ளியில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளைத் தெரிவு செய்தார்கள். சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, பரிசு பேசி வரைந்த பிள்ளைகள் பேனையைத் தொட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் பரிசு பெற்ற பிள்ளைகளின் ஆசை குறையவில்லை. கெடுதல் செய்தது பரிசு அல்ல, முன்கூட்டியே பேசிய பேரம். அதுவும் ஆசை இருந்த இடத்தில்தான். பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள்களை உங்கள் மகன் ஆசையோடு செய்துகொண்டிருந்தான் என்று நான் நினைக்கவில்லை! அதனால் சைக்கிள் அவனிடமிருந்து பெரிதாக எதையும் பறித்திருக்காது. படிப்பை உங்களோடு பேரம் பேசும் பொருளாக்கியதுதான் மிச்சம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்த 22ஆம் இடம். பிள்ளை தன் கெட்டித்தனத்தைப் பக்கத்து மேசைப் பிள்ளையை வைத்துத்தான் அளக்கிறது. அதே திறமையுள்ள பிள்ளை, கெட்டிக்காரர் நிறைந்த பாடசாலைக்குப் போனதும் தன்னைக் குறைவாக மதிக்கத் தொடங்கும். சிட்னியில் பணியாற்றிய உளவியலாளர் ஹேர்பேட் மார்ஷ் 1980களில் இதை ஆராய்ந்து, 'சிறு குளத்துப் பெரிய மீன்' என்று பெயர் வைத்தார். உங்கள் மகன் ஊர்க் குளத்திலிருந்து வாவிக்கு வந்த மீன். அவன் சோம்பேறியாகிவிட்டான் என்று வீட்டில் எல்லோரும் சொல்லும்போது, "எனக்கு ஏலாது" என்று அவன் மனதுக்குள் முடிவெடுத்திருக்கக்கூடும். "என்ன தருவீங்க" என்று கேட்பது, ஏலாது என்று ஒப்புக்கொள்வதைவிடச் சுலபம்.

இனிக் கூடைப்பந்துக்கு வருவோம். எட்வேர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு உளவியலாளர்கள் வளர்த்தெடுத்த சுயதீர்மானக் கோட்பாடு, மனிதன் தானாக முயல்வதற்கு மூன்று உளத்தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறது. நானே விரும்பிச் செய்கிறேன், என்னால் முடிகிறது, இவர்களுக்கு நான் வேண்டியவன் என்ற மூன்று உணர்வுகள். மைதானத்தில் உங்கள் மகனுக்கு மூன்றும் கிடைக்கின்றன. போன கிழமை விழாத பந்து இந்தக் கிழமை வளையத்துக்குள் விழுகிறது. வராவிட்டால் "ஏன்டா வரல்ல?" என்று கேட்கக் கூட்டாளிகள் இருக்கிறார்கள். (மாணவர்களுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுத்த பாதிரியார் வெபர் அடிகளாரின் பெயரில் மைதானம் வைத்திருக்கும் ஊரில், விளையாட்டு படிப்புக்கு எதிரி என்று இன்னும் நம்புவது எனக்கு விளங்குவதே இல்லை.) அதைப் பிடுங்கினால் மிஞ்சும் நேரத்தில் படிப்பான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மூன்றும் கிடைக்கும் ஒரே இடத்தை இழப்பான் என்பது மட்டும் நிச்சயம்.

அப்போ சும்மா விடுவதா? இல்லை. கட்டுப்பாடு வேண்டும், ஆனால் அதைச் சொல்லும் விதம் முக்கியம். 1984இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் வர்ணம் தீட்டும்போது, ஒரு பகுதியினருக்கு "இடத்தை அழுக்காக்கக்கூடாது" என்று கட்டளையாகவும், இன்னொரு பகுதியினருக்கு "வர்ணத்தை அப்பி விளையாட ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த பிள்ளைகளுக்கும் இந்தத் தாள்கள் வேணும்" என்ற தோரணையிலும் அதே விதியைச் சொன்னார்கள். இரண்டாம் பகுதியினரின் ஆர்வம், விதியே இல்லாத பிள்ளைகளுடையதைப்போல அப்படியே இருந்தது.

ஆகவே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பஸ்ஸில வந்து களைச்சுப் போய்த்தான் இருப்பாய் மகன், தெரியும். அட்சரகணிதம் இப்ப விட்டால் அடுத்த வருஷம் இன்னும் கஷ்டம். குளிச்சுச் சாப்பிட்டுச் செய்யிறியா, விளக்கு வைச்ச பிறகு செய்யிறியா?" செய்வதா இல்லையா என்பது பேச்சில் இல்லை, எப்போது என்பது மட்டும் அவன் கையில். "என்ன தருவீங்க" என்று கேட்டால் கோபப்படாமல், "இதுக்கு ஒண்டும் இல்ல, ஏலாத கணக்கு இருந்தா சேர்ந்து பார்ப்பம்" என்று சொல்லி நிறுத்துங்கள். முதல் சில வாரம் முறுக்கிக்கொள்வான். பழைய வாக்குறுதி ஏதும் பாக்கி இருந்தால் கொடுத்துத் தீர்த்துவிட்டு, புதிதாகப் பேரம் பேசாதீர்கள். வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்ற பேச்சை இந்தத் தவணை முழுக்க விடுங்கள். போன தடவை பிழைத்த கணக்கு இந்தத் தடவை சரிவந்ததா என்று மட்டும் பாருங்கள்.

ரியூசன் எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று நான்கு இருந்தால், எதை விடுவது என்று அவனிடமே கேளுங்கள். சனம் என்ன சொல்லும் என்ற யோசனை இதற்குள் வேண்டாம்.

தகப்பனிடம் ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் அழைக்கும்போது முதல் கேள்வி மார்க்ஸாக இருக்க வேண்டாம். தூரத்திலிருக்கும் தகப்பனின் குரல், மார்க்ஸ் நல்லாயிருந்தால் மட்டும் இனிக்கும் என்று பிள்ளை கண்டுகொண்டால், பயத்தில் கொஞ்சம் படிக்கலாம், ஆனால் தகப்பன் மீதுதான் கசப்பு வளரும். மேட்ச் என்னாச்சு என்று கேட்கட்டும். படிப்புப் பேச்சை அவனே எடுப்பான், எடுக்காத நாளும் இருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். பெரிய வகுப்பில் பின் வாங்கில் இருக்கிறானா, கரும்பலகை தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டு, ஐயம் இருந்தால் கண்ணைச் சோதியுங்கள். பந்தையும் விட்டு, கூட்டாளிகளையும் விட்டு, தூக்கமும் சாப்பாடும் குறைந்தால் அது வேறு கதை. அப்போது பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடமோ, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலோ தாமதிக்காமல் பேசுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.