பாரி ஜான் ஏன் விலகினார்?

வணக்கம் ஐயா,

வேல்ஸ் ரக்பி வீரர் பாரி ஜான் பற்றிய உங்கள் அஞ்சலிக் குறிப்பைப் படித்தேன். 27 வயதில், உச்சத்தில் இருக்கும்போதே ஆட்டத்தை விட்டுப் போனதை ஏன் அவ்வளவு மெச்சுகிறீர்கள்? கைவந்த திறமையை வீணடித்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாட்டுக்காக ஆடுகிறவருக்கு ரசிகர்களிடம் ஒரு கடமை இல்லையா?

– ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

கடமை என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன். அன்றைக்கு ரக்பி யூனியன் என்ற, அவர் ஆடிய ரக்பி வகையில் ஆடினால் சம்பளம் கிடையாது. காசு வாங்கியது தெரிந்தால் ஆட்டத்தை விட்டே ஒதுக்கிவிடுவார்கள். அந்த விதியைத் தளர்த்தியது 1995-இல்தான். பாரி ஜான் சுரங்கத் தொழிலாளியின் மகன். கெவ்னெய்தின் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்த்துப் பிழைத்தார். வேல்ஸுக்காக 25 ஆட்டங்கள் ஆடியதெல்லாம் அந்த வேலைக்கு நடுவில்தான்.

1971-இல் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் இது விளங்கும். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த லயன்ஸ் அணி அந்த ஆண்டு நியூசிலாந்து போனது. பயிற்சியாளர் கார்வின் ஜேம்ஸும் அதே கெவ்னெய்தின்காரர். டனீடனில் முதல் டெஸ்ட். ஆட்டத்தை வழிநடத்துகிறவருக்கான பத்தாம் எண் சட்டை போட்ட பாரி ஜான், எதிரணியின் கடைசிக் காவலாளியான ஃபெர்கி மெக்கார்மிக்கைக் குறிவைத்துப் பந்தை உதைத்துக்கொண்டே இருந்தார். பந்து அவர் கைக்கு எட்டுவதுபோல் வரும், எட்டாது. இந்தக் கோட்டுக்கு ஓடுவார், அடுத்த பந்து அந்தக் கோட்டில் விழும். அன்று லயன்ஸ் 9-3 என்று வென்றது. மெக்கார்மிக் அதற்குப் பிறகு நியூசிலாந்துக்காக டெஸ்ட் ஆடவே இல்லை. நான்கு டெஸ்டுகளில் லயன்ஸ் எடுத்த 48 புள்ளிகளில் 30 பாரி ஜான் எடுத்தவை. இரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன். நியூசிலாந்து மண்ணில் லயன்ஸ் தொடரை வென்றது அந்த ஒரு முறைதான்.

போனபோது ஆட்டக்காரர், திரும்பி வந்தபோது ‘ராஜா’. ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். வட வேல்ஸில் ஒரு வங்கியின் விழாவுக்குப் போயிருந்தார். அங்கே ஓர் இளம்பெண், அரசகுடும்பத்தாருக்குச் செய்வதுபோல, அவர் முன்னால் முழங்கால் மடக்கி வணங்கினாள். அந்தக் கணத்தில்தான் விலகும் எண்ணம் உறுதிப்பட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சக மனிதர்களிடமிருந்து தன்னைப் பிரித்து எங்கோ உயரத்தில் வைக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. எனக்கு இது முழுக்கப் புரிகிறது. சுரங்க ஊர்களில் வளர்ந்தவருக்குத் தன் ஊர்க்காரர் ஒருவர் தன் முன்னால் குனிவதைவிடக் கூச்சமான காட்சி வேறு என்ன இருக்க முடியும்? அந்த மரியாதையை ரசித்து வாங்கிக்கொள்கிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

இழப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வேல்ஸ் அணியில் அவருடைய கூட்டாளியான கேரத் எட்வர்ட்ஸும் அவரும் சேர்ந்து இன்னும் ஐந்தாறு வருடம் ஆடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று வேல்ஸில் இன்றைக்கும் பேசுகிறார்கள். ஆனால் அணியை அவர் நட்டாற்றில் விடவில்லை. அந்தப் பத்தாம் எண் சட்டை பில் பென்னட்டிடம் போனது. அவரும் பெரிய ஆட்டக்காரர்தான். பாரி ஜானும் அழகாகத்தான் விடைபெற்றார். 1972 மார்ச்சில் கார்டிஃபில் பிரான்ஸுக்கு எதிராக நான்கு பெனால்டிகளை உதைத்து வென்று கொடுத்தார். அடுத்த மாதம் வேல்ஸ் இளைஞர் அமைப்பான உர்த்தின் பொன்விழாவுக்காக ஒரு காட்சி ஆட்டம், அப்புறம் ஓய்வு. 2024 பிப்ரவரியில் 79 வயதில் இறக்கும்வரை அந்த முடிவை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை.

சம்பளமும் தராமல், சாதாரண மனிதராக வாழவும் விடாமல், அதற்கு மேல் கடமையையும் கேட்பது நியாயமாக எனக்குப் படவில்லை. நேரம் கிடைத்தால் டனீடன் ஆட்டத்தின் பழைய கறுப்பு வெள்ளைக் காட்சிகளைத் தேடிப் பாருங்கள். பந்தை விட்டுவிட்டு மெக்கார்மிக் எங்கே ஓடுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். அப்புறம் எழுதுங்கள், பேசலாம்.

அன்புடன்